பரந்தாமனின் மழையும் என் அளவுக் குடுவையும்

மழை வரும் என்று சொல்கிறவருக்கு மாலை போடுவார்கள். அந்த மாலையை வாங்கி வந்து, மைக்கைத் தட்டிப் பார்த்து, கூட்டம் கலைந்ததும் நாற்காலிகளை மடக்கி வைக்கிறவருக்குச் செயலாளர் என்று பெயர்.

கல்பாக்கத்தில் வேலை பார்த்த காலத்தில், தொண்ணூறுகளில் தொடங்கிப் பதினோரு வருஷம் நான் அப்படியொரு செயலாளர். பருவநிலைக் கணக்குகளை வயலுக்கும் உப்பளத்துக்கும் கடலுக்கும் உதவும்படி செய்கிறவர்களின் சங்கம் எங்களுடையது. புதுப்பட்டினத்தில் ஒரு வாடகை வீடு, முன்னறையில் டைப்ரைட்டர், பின்பக்கத் தோட்டத்தில் மழைமானி. உறுப்பினர்கள் எல்லாரும் விஞ்ஞானிகள், பேராசிரியர்கள், பொறியாளர்கள். சுற்றறிக்கை அடிக்க நான். எந்தச் சங்கத்திலாவது செயலாளராக மாட்டிக்கொண்டவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன்: எனக்குப் பரந்தாமனைக் கண்டால் வயிறு எரியும்.

சதுரங்கப்பட்டினத்தில் மைக்

பரந்தாமன் எங்கள் அலுவலகத்திலேயே வேறு பிரிவில் இருந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். கண்ணாடி போட்டவர். கூட்டமான பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தாலும் சட்டை கசங்காது. அது எப்படி என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அவர் சங்கத்தில் சேர்ந்த புதிதில், மீனவர்களுக்குக் காற்றைப் பற்றி விளக்க சதுரங்கப்பட்டினத்தில் ஒரு கூட்டம் போட்டோம். நோட்டீஸ் நான் எழுதினேன். ஸ்லைடு ப்ரொஜெக்டரை மடியில் வைத்து நான்தான் சுமந்து போனேன். முப்பது வருஷச் சராசரிக் காற்றைப் பற்றி இருபது நிமிஷம் பேசினேன். பிறகு பரந்தாமன் எழுந்து, எந்த மாதத்தில் எந்தத் திசைக் காற்றை நம்பக்கூடாது என்று ஐந்தே நிமிஷம் பேசினார். சனங்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் டீ டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். வலையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் என்னைக் கூப்பிட்டு, பிரியமாகத்தான் சொன்னார்:

"அண்ணாத்த, நீ பேசனது ஒண்ணும் பிரியல. அடுத்த தபா அந்தக் கண்ணாடிக்காரர மட்டும் பேச வுடு. நீ டீ குடுத்துகினு இரு, டீ நல்லா கீது."

பிஸ்கட் டின்

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும், வாரா வாரம் ஒவ்வொருவரும் அந்த வாரம் எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்யும் என்று அட்டையில் எழுதி ஒரு பிஸ்கட் டின்னில் போட வேண்டும். தினமும் காலை எட்டரைக்கு நான் மழைமானியைத் திறந்து, தண்ணீரை அளவுக் குடுவையில் ஊற்றிப் படிப்பேன். வாரக் கடைசியில் யார் அட்டை நெருங்கி வந்திருக்கிறதோ அவர்தான் ஜெயித்தவர். டின்னின் சாவியும் மழைமானியும் என்னிடம் இருந்ததால் நான் மட்டும் அட்டை போடக்கூடாது. பதினோரு வருஷமும் மற்றவர்களின் ஜெயத்தை அளந்து கொடுத்தேன்.

பதினோராவது வருஷம் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. வருஷத்துக்கு ஒருவருக்குத்தான் 'சிறப்பு உறுப்பினர்' பட்டம் தருவார்கள். மாமல்லபுரத்தில் ஆண்டுக் கூட்டம், பொன்னாடை, சுவரில் மாட்டப் பித்தளைத் தகடு. இந்தத் தடவை உங்களுக்குத்தான் என்று தலைவர் வாய்விட்டே சொல்லியிருந்தார். வீட்டில் தகடு மாட்ட ஆணிகூட அடித்துவிட்டேன்.

மழை தொடங்கியது. எல்லாரும் ஐம்பது என்று எழுதினால் பரந்தாமன் எண்பது என்று எழுதினார். குடுவையில் எழுபத்தெட்டு நின்றது. மறுவாரம் எல்லாரும் முப்பது, அவர் அறுபத்தைந்து, குடுவையில் அறுபத்துநாலு. ஐந்து வாரம் தொடர்ந்து ஜெயித்தார். என் கையாலேயே அவர் பெயரைப் பலகையில் எழுதினேன். ஆறாவது வாரம் தலைவர் என் தோளில் கைபோட்டார்:

"தப்பா நினைச்சுக்காதீங்க. உங்களுக்கு அடுத்த வருஷம்கூடக் கொடுக்கலாம். நீங்க எங்க போயிடப் போறீங்க?"

சவுக்குத் தோப்புச் சொற்பொழிவு

செங்கல்பட்டில் பெய்ததைப் போல இரண்டு மடங்கு மழை எங்கள் தோட்டத்தில் மட்டும் எப்படிப் பெய்கிறது? வேறு யாராக இருந்தாலும் மழைமானியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்திருப்பார்கள். எங்கள் ஆட்கள் அறிவாளிகள் ஆயிற்றே! ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், கடற்காற்று சவுக்குத் தோப்பில் மோதி எங்கள் கொல்லைப்பக்கம் மட்டும் கொட்டுவதாகப் படம் போட்டு ஒரு மணி நேரம் விளக்கினார். பரந்தாமன் மட்டும் தலை குனிந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடக்கமாம். அதற்கும் எனக்கு எரிந்தது.

வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மா கஸ்தூரி, கூட்டம் முடிந்ததும் என்னிடம் கேட்டார்:

"இன்னா சார், அம்மாம் மழையா பேஞ்சுது? நம்ம வூட்டு கெணறு பாதிகூட ரொம்பலியே!"

குடுவையின் அடியில்

அந்தக் கிணற்றுப் பேச்சு என் காதைவிட்டுப் போகவில்லை. மறுநாள் காலை குடுவையைக் கழுவும்போது திருப்பிப் பார்த்தேன். பழைய குடுவை மழைக்காலத்துக்கு முன்பே என் கை நழுவி உடைந்திருந்தது. யாரிடமும் சொல்லாமல் பாரிமுனைக்குப் போய்ப் புதுசு வாங்கி வந்திருந்தேன். அடியில் பொடி எழுத்தில் இருந்தது: சின்ன வாய் மழைமானிக்கு உரியது. எங்களுடையது பெரிய வாய். அதில் சேரும் தண்ணீரை இதில் ஊற்றினால் பெய்ததைப் போல இரண்டு மடங்கு காட்டும்.

என் சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. பரந்தாமன் ஜெயித்த அத்தனையும் பொய்! பெய்யாத மழைக்கு அல்லவா பெயர் வாங்கியிருக்கிறார்! வீட்டுக்கு ஓடிப்போய் மனைவியிடம் சொன்னேன். செல்வி காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டாள்:

"அவரைத் தள்ளிவிடணும்னா நீங்களும் கூடவே விழணுமே. அவ்வளவு ஆசையா?"

மாமல்லபுரத்தில்

ஆசைதான். ஆண்டுக் கூட்டத்தில், பொன்னாடையைப் பிரிக்கும் நேரத்தில் எழுந்தேன். குடுவையை மேஜைமேல் வைத்து, உடைத்தது, வாங்கியது, அளந்தது எல்லாவற்றையும் சொன்னேன். சவுக்குத் தோப்புப் பொறியாளர் மெதுவாக வெளியே போனார். நான் பரந்தாமன் முகத்தையே பார்த்தேன், அது எப்போது சுருங்கும் என்று.

அவர் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துத் தலைவரிடம் கொடுத்தார். குவார்ட்டர்ஸ் மொட்டை மாடியில் அவர் சொந்தமாக ஒரு மழைமானி வைத்திருந்தாராம். இரண்டு அளவையும் ஒப்பிட்டு, போட்டி தொடங்குவதற்கு முன்னால் பெய்த மழையிலேயே குடுவைக் கோளாற்றைக் கண்டுபிடித்துவிட்டார். நோட்டில் ஒவ்வொரு வாரத்துக்கும் அவருடைய உண்மையான கணிப்பு. அதற்குப் பக்கத்தில், அட்டையில் எழுதிய இரட்டிப்பு எண். உண்மை மழையோடு வைத்துப் பார்த்தாலும் அந்த ஐந்து வாரமும் அவர்தான். ஏன் சொல்லவில்லை என்று தலைவர் கேட்டார். பரந்தாமன் என்னைப் பார்த்துச் சங்கடத்தோடு சிரித்தார்:

"பதினோரு வருஷமா ஒரு நாள் தவறாம எட்டரைக்கு அளக்கிற மனுஷர் சார் அவர். தப்புன்னு சொல்ல வாய் வரல. அதான் மழையோட அவர் குடுவையையும் சேர்த்துக் கணிச்சேன்."

எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள், நானும் தட்டினேன்; வாழ்நாளில் நான் துணிந்து சொன்ன ஒரே உண்மைக்கும் பொன்னாடை பரந்தாமனுக்குத்தான் போயிற்று, என் வீட்டு ஆணியில் இப்போது காலண்டர் தொங்குகிறது.