நீள முடி இருந்தால் பெண்

இணையத்தில் இயங்கும் ஓர் ஓவியக் கிடங்குக்கு நான் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். எங்கெங்கோ இருப்பவர்கள் வரைந்து ஏற்றும் கார்ட்டூன் பாத்திரங்களுக்குக் குறிச்சொல் போட வேண்டும். முடி என்ன நிறம், உடை என்ன, ஆணா பெண்ணா. கண்ணுக்குத் தெரிவதை மட்டும் குறிக்க வேண்டும் என்பது விதி. வரைந்தவர் கீழே "இவன் பையன்" என்று எழுதியிருந்தாலும், நீள முடியும் மெல்லிய முகமும் இருந்தால் பெண்தான். பெற்றவளுக்குத் தெரியாதா பிள்ளை யாரென்று, என முதலில் முணுமுணுப்பேன். ஆறு மாதத்தில் கை பழகிவிட்டது.

அப்போது என் தம்பி திருப்பதிக்கு நேர்ந்துகொண்டு மூன்று வருஷமாக முடி வெட்டாமல் இருந்தான். சொந்தப் படகு அமைந்தால் மொட்டை போடுவதாக வேண்டுதல். நைனாவோடு கடலுக்குப் போகும்போது இறுக்கிக் கொண்டை போட்டு மேலே துண்டைக் கட்டிக்கொள்வான். மீசை சரியாக முளைக்காத முகம் வேறு. ஊரில் கிண்டலுக்குக் கேட்க வேண்டுமா? அவன் அலட்டிக்கொள்ள மாட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு, ஈர முடியை அவிழ்த்துவிட்டபடி என் லேப்டாப்புக்கு முன்னால் வந்து நின்றான்.

"அக்கா, எனக்கு இன்னா போடுவ?"

"பொண்ணுன்னுதான். ரூல்ஸ் அப்டி."

"மீச கீதே."

"தெரிஞ்சாதானே?"

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஐப்பசியில் ஒரு காலை, எங்கள் ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தில் அலை தூக்கி அடித்துப் படகு கவிழ்ந்தது. நைனா நீந்திக் கரையேறினார். தம்பி வரவில்லை. நைனா மணலில் உட்கார்ந்தவர் எழவே இல்லை. அம்மா மயங்கி மயங்கி விழுந்துகொண்டிருந்தாள். படித்தவள் என்று போனை என் கையில் கொடுத்தார்கள். தேடப்போன படகுகளோடு பேசியதெல்லாம் நான்தான். மறுநாள் மதியம் சித்தப்பா படகிலிருந்து கூப்பிட்டார்.

"பசியாவரத்தாண்ட ஏரியில ஒரு பொணம் மெதக்குதாம். எறா வலைக்காரங்க தூரத்துலர்ந்து பாத்துக்கிறாங்க. பொம்பளன்றாங்க, நீட்டு முடியாம். போய்ப் பாக்கட்டா, இல்ல கடல் பக்கமே தேடட்டா?"

"பொம்பளன்னா நம்மளுது இல்ல சித்தப்பா. கடல் பக்கமே தேடுங்க."

யோசிக்கவே இல்லை. அவன் என்றால் எனக்குக் கொண்டைதான் கண்ணில் நின்றது. தண்ணீர் கொண்டையை அவிழ்த்துவிடும் என்பது கரையிலேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தோன்றவில்லை. படகுகள் கடல் பக்கம் போயின.

அதற்கும் மறுநாள் சாயங்காலம் அவனை அதே ஏரியில் இறால் வலைக் கழிகளுக்கு நடுவே கண்டெடுத்தார்கள். தாயத்தை வைத்து நைனா அடையாளம் சொன்னார். நண்டும் மீனும் முகத்தை விட்டுவைக்கவில்லை. துணி சுற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். முகத்தைக் காட்டுங்கள் என்று அம்மா ஒவ்வொருவர் காலிலும் விழுந்தாள். யாரும் காட்டவில்லை. முந்தின நாளே போயிருந்தால் காட்டியிருக்கலாம். நான் சொன்னதைச் சித்தப்பா யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்ல எனக்கும் தைரியம் இல்லை.

வேலையை நான் விடவில்லை. ஆனால் நீள முடியோடு ஒரு படம் வந்தால் கை நின்றுவிடுகிறது. அவனே ஈர முடியோடு திரைக்கு அந்தப் பக்கம் நின்று, இன்னா போடுவ என்று கேட்கிறான். பட்டப்பகலிலும் பயமாக இருக்கிறது.

போன வாரம் அப்படி ஒரு படம் வந்தது. முடியை அவிழ்த்துவிட்டு இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் உருவம். கீழே "இவன் பையன்" என்று எழுதியிருந்தது. ஆண் என்று குறித்தேன். தெரிவதை மட்டும் குறிக்கவும் என்று மேற்பார்வையாளர் திருப்பி அனுப்பினார். அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அம்மா மீன் கூடையை இறக்கிவிட்டு என் பின்னால் வந்து நின்றாள்.

"யாருடி இந்தப் பையன்?"

"பையன்னு எப்டிம்மா சொல்ற? முடியப் பாத்தா பொண்ணாட்டம் கீதே."

"முடிய ஏன் பாக்குற? மொகத்தப் பாரு."

அம்மா திரைக்குப் பக்கத்தில் குனிந்து அந்த முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் போன் அவள் கையில் இருந்திருந்தால், போய்ப் பார் என்றுதான் சொல்லியிருப்பாள்.