படத்துக்குள் ஊதிய சங்கு

மழை கொட்டுகிற ஞாயிற்றுக்கிழமையில் உலகம் அழிகிற படத்தை எந்த மடையனாவது போடுவானா? என் வீட்டுக்காரர் போட்டார். அதுவும் ஆரஞ்சு அலர்ட் என்று காலையிலிருந்து போன் கத்திக்கொண்டே இருந்த நாளில், மூணாறுக்கு மேலே, தேயிலைச் சரிவின் அடியில் எஸ்டேட்டில் கொடுத்த எங்கள் லயத்து வீட்டில்.

"காமெடிப் படம் புள்ள. லவ்வு வேற இருக்கு. எம்பதுகள்ல வந்தது. சும்மா சும்மா சன்னலத் தொறந்து மலையப் பாக்காம இதப் பாரு" என்றார்.

மலையைப் பார்ப்பேன்தான். போன மழைக்காலத்தில் எதிர்ச்சரிவு ஒரு விடியற்காலையில் அப்படியே இறங்கி ரோட்டை மூடியது. ஆட்களுக்கு ஒன்றுமில்லை, கட்டிப் போட்டிருந்த ஒரு மாடு போயிற்று. அன்றிலிருந்து மேகம் கறுத்தாலே நான் சன்னலை விட்டு நகர மாட்டேன். கீழே போடிக்குப் போய்விடலாம், என் அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில் வாடகைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அவருக்கு ஃபாக்டரியில் வேலை. வேலையை விட்டால் இந்த வீடும் போய்விடும். "எங்க தாத்தன் காலத்துலருந்து நிக்கிற மலை. உனக்காகவா எறங்கப் போகுது?" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

படத்தில் வால்நட்சத்திரம் ஒன்று பூமியை நோக்கி வருகிறது. ஊரே பெட்டி கட்டிக்கொண்டு ஓடுகிறது. குடை ரிப்பேர் பார்க்கிற ஒருவன் மட்டும், கொடுத்த குடையைத் திரும்ப வாங்காமல் போன பெண்ணைத் தேடி, அந்தக் குடையோடு தெருத்தெருவாக அலைகிறான். அவளோ தோளில் தலையணை வைத்துத் தைத்தது மாதிரி ஒரு சட்டையும் ஊதிவிட்ட தலைமுடியுமாக, கூட்டத்தில் எதிர்ப்பக்கம் போய்க்கொண்டே இருக்கிறாள். "உலகமே போவுது, இவனுக்குக் குடைதான் பெருசாப் போச்சு" என்றேன். அன்று முதல்முறையாகச் சிரித்தும் விட்டேன்.

அப்போதுதான் படத்தில் அபாயச் சங்கு ஊதியது. ஊரைக் காலி செய்யச் சொல்லி, விடாமல் ஊதும் சங்கு.

எங்கள் தலைக்கு மேலே தகரம். மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்காமல் டிவி சத்தத்தை முழுக்கக் கூட்டி வைத்திருந்தோம். லயத்தில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் கேட்கும். எதிர்ச்சரிவு இறங்கின பிறகு எஸ்டேட்டில் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள்: வேலை நேரமில்லாத நேரத்தில் ஃபாக்டரிச் சங்கு விடாமல் ஊதினால், போட்டது போட்டபடி மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏறிவிட வேண்டும்.

"ஏ, சங்கு ஊதுது! எல்லாரும் ஓடியாங்க!" என்று பக்கத்து வீட்டு அக்கா அலறினாள். கதவுகள் படபடவென்று திறந்தன.

படத்துச் சங்கு என்று எனக்குத் தெரியும். கண் முன்னால்தான் ஊதிக்கொண்டிருக்கிறது! ஓடிப்போய் அக்காவிடம் சொல்ல எழுந்தேன். அதற்குள் என் வீட்டுக்காரர் கட்டிலுக்கு அடியில் கையை விட்டு ஒரு தோள்பையை இழுத்தார். அந்தப் பையை நான் பார்த்ததே இல்லை. மறுகையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். அடுத்த நிமிடம் நாங்களும் மழையில் ஏறிக்கொண்டிருந்தோம். செருப்புக்கூடப் போடவில்லை, காலெல்லாம் அட்டை.

பள்ளிக்கூட வராந்தாவில் எனக்கு மூச்சு இழுத்துக்கொண்டது. வீசிங் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அவர் பையைத் திறந்து இன்ஹேலரை எடுத்து நீட்டினார். உள்ளே என் ஸ்வெட்டர், டார்ச், பிளாஸ்டிக் கவரில் ரேஷன் கார்டு, எனக்கு மாற்றுச் சேலை. அவருக்கென்று ஒரு பனியன்கூட இல்லை.

"இத எப்ப கட்டி வச்சீங்க?"

"ரோடு மூடுச்சுல்ல, அதுக்கு மறுநா."

இதற்குள் யாரோ ஃபாக்டரிக்குப் போன் போட்டு, சங்கே ஊதவில்லை என்று கேட்டுச் சொன்னார்கள். நான் விஷயத்தைச் சொன்னதும் வராந்தா முழுக்கச் சிரிப்பு. "அடிப்பாவி, ஒரு படத்துக்காகவா எங்கள இந்த ஓட்டம் ஓட வச்ச? அரிசி அடுப்புல கெடக்குடி!" என்று அக்கா என் முதுகில் ஒன்று வைத்தாள்.

அவர் மட்டும் சிரிக்கவில்லை. நான் குனிந்து மெதுவாகக் கேட்டேன். "படத்துலதான் ஊதுச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"பெறகு ஏன் ஓடியாந்தீங்க?"

"படத்துல ஊதுறப்பவே நெசமாவும் ஊதியிருந்தா?" என்றார். பையை மூடித் தோளில் மாட்டினார். "அண்ணங்கிட்ட வீடு பாக்கச் சொல்லு புள்ள. போயிருவோம்."

இதைக் கேட்கத்தானே இத்தனை நாள் சண்டை போட்டேன்? சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நான் பயந்து பயந்து சொன்னபோதெல்லாம், இந்த மனுஷன் சிரிக்கிறாரே, அப்படியென்றால் ஒன்றும் ஆகாது என்று உள்ளுக்குள் ஒரு மூலையில் நம்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். ராத்திரி தூங்கினதெல்லாம் அந்தச் சிரிப்பை நம்பித்தான். இனி எதை நம்பிக் கண்ணை மூடுவது?

வராந்தாவில் எல்லோரும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் மலையைப் பார்த்தேன். அவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.