குழியவன்கூட்டை நான் விடுவதாக இல்லை

கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கரும்பலகையில் வரைந்து, அது உண்டென்று நம்பவைப்பதுதான் உயிரியல் ஆசிரியர் தொழில். என்னைப்போல வகுப்பில் வெண்கட்டித் தூளை விழுங்கிய ஆசிரியர்களான உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஐந்து பேர்

வவுணதீவுப் பக்கப் பாடசாலையொன்றில் உயர்தர வகுப்புக்குப் படிப்பிக்கிறேன். உயிரியலுக்கு ஐந்தே பிள்ளைகள். வகுப்பை மூடி, அவர்களை நகரத்துக்கு அனுப்பலாம் என்பது எங்கள் அதிபரின் எண்ணம். அனுப்பினால் இரண்டு பேராவது படிப்பையே விட்டுவிடுவார்கள். மாட்டேன் என்றேன்.

“அப்ப பாடத்தக் கெதியா முடியுங்க. கலத்துக்குள்ள இருக்கிற வன்கூட்டுக்கு ஒரு கிழமை என்னத்துக்கு? மூண்டு வரி போதும், டீச்சர்.”

பஸ்ஸில் குழாய்

மூன்று வரியில் முடிக்க நான் தயாராக இல்லை. உயிரின் மிகச் சிறிய அலகான கலம் வெறும் தண்ணீர்ப் பை அல்ல. உள்ளே நுண்குழாய்களும் இழைகளும் எலும்புக்கூடு போல அதன் வடிவத்தைத் தாங்குகின்றன; அதுதான் குழியவன்கூடு. பொருட்கள் அந்தக் குழாய்களின் மேல், தண்டவாளத்தில் போவதுபோல, இடம்விட்டு இடம் போகின்றன. இதைக் கையால் கட்டிப் பார்க்கட்டும் என்று நாலு தண்ணீர்க் குழாய்களும் நைலோன் கயிறும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். குழாய் தட்டி ஒருவரின் தொப்பி பறந்தது. கொண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“பள்ளிக்கூடத்துக்குப் பைப் அடிக்கிற வேலையும் உங்களுக்குத்தானா, டீச்சர்?”

பட்டிப்பூ

அந்தக் கிழமை சுகன்யா வரவில்லை. ஐவரில் கெட்டிக்காரி. வீடு தேடிப் போனேன். தாய்க்குப் புற்றுநோய். மருந்து ஏற்றியதில் கால்விரல்கள் மரத்துப்போய், சமையல் முழுக்க மகளின் தலையில்.

“அந்த மருந்து பட்டிப்பூ எண்டுற நித்தியகல்யாணியில இருந்து எடுத்ததாம். அது உள்ள போய் என்ன செய்யும், டீச்சர்?” என்று கேட்டாள்.

கலம் பிரியும்போது பரம்பரை இழைகளான நிறமூர்த்தங்களை இழுத்துப் பிரிப்பவை அதே நுண்குழாய்கள்தான் என்றேன். மருந்து அவற்றைக் கட்டவிடாது; புற்றுக் கலம் பெருக வழியில்லாமல் சாகும். ஆனால் நரம்புக்குள் பொருள் போவதும் அந்தக் குழாய்களின் மேல்தான். அதனால் விரல் மரக்கலாம், டொக்டரிடம் கட்டாயம் சொல்லவேண்டும் என்றேன்.

வாசலில் கால்நீட்டியிருந்த தாய், சுவரைப் பிடித்து எழும்பி நின்றார்.

“டொக்டரிட்ட நான் சொல்றன். என்னைச் சாட்டி நீ வீட்ட நிண்டது காணும், நாளைக்குப் பள்ளிக்குப் போ!”

கடைசி வாங்கில் ஒருவர்

சுகன்யா மறுநாளே வந்தாள். இரண்டொரு நாளில், தாய் சொன்னதைக் கேட்டு டொக்டர்மார் மருந்தின் அளவைக் குறைத்தார்களாம்.

அடுத்த கிழமை, இந்த வகுப்பு தேவையா என்று பார்க்கக் கல்வி அலுவலர் ஒருவர் வந்து கடைசி வாங்கில் உட்கார்ந்தார். சுகன்யாவைப் பலகைக்குக் கூப்பிட்டேன். நுண்குழாயையும் மருந்து அதைத் தடுக்கும் விதத்தையும் புத்தகம் பாராமல் வரைந்து விளக்கினாள். அலுவலர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு, இதெல்லாம் சோதனைக்கு வருமா என்று கேட்டார். அவள் வெண்கட்டியைக் கீழே வைக்கவில்லை.

“வராட்டியும் பரவாயில்ல, சேர். என்ட அம்மாட உடம்புக்குள்ள வந்திட்டு.”

வகுப்பை மூடும் கடிதம் இன்றுவரை வரவில்லை. வந்தால் எழுத்துப்பிழை திருத்தித் திருப்பியனுப்ப, என்னிடம் சிவப்புப் பேனை இருக்கிறது.