சமையலறை இண்டர்காம்

நம்பினால் நம்புங்கள். இதில் ஒரு சொல்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. எனக்கு நடந்தது. என் கணவரும் சாட்சி.

நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள் அல்ல. பல வருடங்களாகக் கோலாலம்பூரில் கணினிப் பாதுகாப்புதான் என் வேலை. "நான்தான் இன்னார்" என்று சொல்லி உள்ளே வருகிறவர் உண்மையில் அவர்தானா என்று பார்க்க வேண்டும். கடவுச்சொல், அட்டை, கைரேகை என்று என்னென்னவோ வைத்துச் சோதிக்கிறோம். 1986-இல் எங்கள் வீட்டில் அதெல்லாம் ஏது? குரல் ஒன்றுதான் அடையாளம்.

அப்போது கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். என் கணவர் சேதுவுக்கு அங்கே பாமாயில் ஆலையில் வயரிங் வேலை. நான் தோட்ட ஆபீசில் டைப்பிஸ்ட்.

சேதுவுக்கு எலெக்ட்ரானிக்ஸ் பைத்தியம். சம்பளம் போட்டதும் கோலாலம்பூர் பாசார் ரோட்டுக்கு பஸ் ஏறிவிடுவார். ரெசிஸ்டர், டிரான்சிஸ்டர் என்று பொட்டலம் பொட்டலமாக வாங்கி வருவார். வீட்டுக்குப் பின்னால் ஒரு பலகைக் கொட்டகை. வேலை முடிந்து வருவார், குளிப்பார், சாப்பிடுவார், அதற்குள் போய்விடுவார். என்னிடம் நாலு வார்த்தை பேசினால் அதிகம். அவர் சட்டையில் வரும் அந்த ஈயம் பற்றவைத்த புகை வாசனை... ஒரு சக்களத்தியின் வாசனை மாதிரியே எனக்கு எரியும்.

ஒருநாள் இரண்டு சின்னப் பெட்டிகள் செய்தார். ஒன்று கொட்டகையில், ஒன்று எங்கள் சமையலறைச் சுவரில். நடுவில் வயர்.

"இண்டர்காம் வள்ளி. பட்டனை அமுக்கிப் பேசு. அங்க எனக்குக் கேக்கும்."

"இங்கேருந்து கத்துனாலே கேக்கும்லா" என்றேன்.

அந்தக் கோபத்தில் அதை நான் தொடவே இல்லை. இதை மட்டும் நினைவில் வையுங்கள். ஒருநாள்கூட அந்தப் பட்டனில் என் விரல் பட்டதில்லை.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு மழைச் சாயங்காலம். காப்பி எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். உள்ளே சேது பேசிக்கொண்டிருந்தார். மெதுவாக... கொஞ்சலாக. அப்பா அடித்ததற்குப் பயந்து சின்ன வயதில் பால்மரக் காட்டில், ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒளிந்துகொண்டதைச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடம் அவர் சொல்லாத கதை.

ஒரு பெண் சிரித்தாள்.

தகரக் கூரையில் மழை. வார்த்தை பிடிபடவில்லை. ஆனால் பெண் குரல்தான். கதவைத் தள்ளினேன். அவர் மட்டும் இருந்தார்.

"யாருகூட பேசிக்கிட்டு இருந்தீங்க?"

"வேற யாரு, என் பொண்டாட்டிகூடத்தான்." சிரித்தார். காப்பியைப் பார்த்தார். "சொன்ன மாதிரியே கொண்டாந்துட்டியே!"

நான் எங்கே சொன்னேன்? கேலி செய்கிறார் என்று நினைத்தேன். காப்பியை ணங்கென்று வைத்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் போனது. டிஸ்பென்சரி நர்ஸா? கடைக்காரர் மகளா? யார் முகத்தைப் பார்த்தாலும் அவளாக இருக்குமோ என்று தோன்றியது. அவர் சட்டையை மோந்து பார்த்தேன். ஈய வாசனைதான். சாப்பிடும்போது உம்மென்று இருப்பார். கொட்டகைக்குள் போனால் சிரிப்புச் சத்தம். என்னிடம் இல்லாத எது அவளிடம் இருக்கிறது?

பக்கத்து வீட்டு நல்லம்மாளிடம் கேட்டேன்.

"உங்க கொட்டாய்க்கு ஒரு ஈ காக்கா வந்து நான் பாத்ததில்ல, தங்கச்சி. நீதான் எந்நேரமும் பேசிக்கிட்டு இருக்கியே, சமையக்கட்டுல."

"நானா?"

"உன் குரல் எனக்குத் தெரியாதா?"

அன்றைக்கே பிடித்துவிட முடிவு செய்தேன். மணி எட்டு பத்து. இருட்டிவிட்டது. தூறல் விட்டிருந்தது. செருப்பில்லாமல் போய்க் கொட்டகைச் சுவரில் காதை வைத்தேன்.

"சாப்பாடு புடிச்சிருந்திச்சா?" என்றாள் அவள்.

மழைச் சத்தம் இல்லை. இந்த முறை தெளிவாகக் கேட்டது.

அது என் குரல்.

என் இழுவை. என் மூக்கடைப்புகூட.

"ம்... நல்லா இருந்திச்சு" என்றார் சேது.

'கிர்ர்ர்' என்று ஓர் இரைச்சல்.

"என்னங்க... கதவுக்கு வெளிய யாரோ நிக்கிறா."

"யாரு?"

"தெரியல. உள்ள விடாதீங்க."

டக். தாழ்ப்பாள் விழுந்தது.

நான் இரண்டு கையாலும் கதவைத் தட்டினேன். "என்னங்க! நான்தான்! வள்ளி!"

உள்ளே மூச்சுச் சத்தம் மட்டும்.

பிறகு அவள் சொன்னாள்.

"பாத்தீங்களா... என் குரல்லயே பேசுறா."

நான் வீட்டுக்கு ஓடினேன்.

சமையலறை காலி. அடுப்பு அணைந்திருந்தது. சுவரில் அந்தப் பெட்டி. சிவப்பு விளக்கு எரிந்தது.

பட்டன் உள்ளே அமுங்கியிருந்தது.

யாரும் இல்லை...

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பட்டன் மெல்ல வெளியே வந்தது. பெட்டிக்குள்ளிருந்து சேதுவின் குரல் நடுங்கியது.

"வள்ளி... அவ போயிட்டாளா?"

என் முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு இழுத்தார்கள். பதில் சொல்லப் போகிறவர்கள் இழுப்பதைப் போல.

பாராங்கத்தியை எடுத்து வயரை ஒரே வெட்டு வெட்டினேன்.

விளக்கு அணைந்தது.

திரும்பிப் பார்க்காமல் கொட்டகைக்கு ஓடினேன். வெகுநேரம் அழுத பிறகுதான் கதவு திறந்தது. சேது என் முகத்தைப் பார்க்கவில்லை. டார்ச்சை என் காலில் அடித்தார். பாதம் தரையில் படுகிறதா என்று பார்த்தார். சேறு அப்பியிருந்த விரல்களைப் பார்த்த பிறகுதான் என் கையைப் பிடித்தார்.

விடிந்ததும் எல்லாம் சொன்னார். தினமும் பேசியது நான்தான் என்று நம்பியிருக்கிறார். "வீட்டுல இதப் பத்திப் பேசாதீங்க, எனக்கு வெக்கமா இருக்கு" என்று அவள் சொல்லியிருக்கிறாள். நேரில் பேச வராத மனுஷர், தன் பயம், ஆசை, அழுகை எல்லாவற்றையும் அவளிடம் கொட்டியிருக்கிறார். எனக்குப் பயம் ஒரு பக்கம். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், பொறாமைதான் பெரிதாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

அந்த வாரமே ரவாங்குக்கு வீடு மாறினோம். லோரியில் சாமான் ஏற்றும்போது ஒரு கனமான துணிப்பெட்டியைத் தூக்கினேன். சேது பதறிப் பிடுங்கினார்.

"மாசமா இருக்கும்போது இதெல்லாம் தூக்கலாமா?"

"யாரு மாசமா இருக்கா?"

அவர் முகம் வெளுத்தது. "நீதானே சொன்னே... போன மாசம். இண்டர்காம்ல."

கிளினிக்கில் பார்த்தார்கள். உண்மைதான். எனக்கே தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"புள்ளைக்குப் பேருகூட வெச்சிட்டா" என்றார். நான் அவர் வாயைப் பொத்தினேன். அந்தப் பெயரை அவர் என்னிடம் சொல்லவில்லை. வேறு யாரிடமும் சொல்லவில்லை. பிறந்தவளுக்குக் கலாவதி என்று பெயர் வைத்தோம்.

மகளுக்கு இரண்டு வயது நடக்கும்போது, பக்கத்து வீட்டுப் பாட்டி அவள் கன்னத்தைக் கிள்ளி, "உன் பேரு என்னடா கண்ணு?" என்று கேட்டார்.

"பூரணம்" என்றாள்.

பின்னால் டம்ளர் விழுந்து உடைந்தது. சேது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

குனிந்து மகளின் தோளைப் பிடித்தேன்.

"அப்படின்னு உனக்கு யாரும்மா சொன்னா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி, சமையலறையைப் பார்த்தாள்.

"அம்மா."