டீ மேக்கரின் மூக்கும் எங்கள் படகும்

மூணாற்றிலிருந்து மறையூர் போகும் சாலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நான் ஸ்டோர் கிளார்க்காக இருந்தேன். வாரத்தில் ஆறு நாள் ஆணியும் கயிறும் மண்வெட்டியும் எடுத்துக் கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் படகுக்காரன். அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற ஆறு நாளையும் பொறுத்துக்கொண்டேன் என்று இப்போது சொன்னால் யாரும் என்னை வேலையை விட்டு நீக்க முடியாது.

படகு எனக்கும் ஃபாக்டரி ஃபிட்டருக்கும் பொது. முந்தைய துரை சீமைக்குத் திரும்பும்போது எஸ்டேட் ஏரிக்கரையில் அநாதையாக விட்டுப்போனது. டீப் பெட்டியின் ஓரத்தில் அடிக்கும் தகரப் பட்டைகளை வைத்து ஃபிட்டர் அதன் ஓட்டைகளை அடைத்தார். தார் பூசி மிதக்கவிட்டார். மார்கழிப் பனியில் ஆரம்பித்து வைகாசிப் பாதிவரை எங்கள் சீசன். தூண்டிலைப் போட்டுவிட்டு உரக்கப் பாடுவோம். ஃபிட்டருக்குக் குரலும் கிடையாது, வெட்கமும் கிடையாது. அப்படியும் கெண்டை மீன்கள் வந்து மாட்டின.

எங்கள் பாட்டுக்கு ஒரே ஒரு ரசிகர் இருந்தார். எதிர்க்கரை மேட்டில் குடையை விரித்துக்கொண்டு டீ மேக்கர் உட்கார்ந்திருப்பார். ஃபாக்டரியில் கொழுந்து வாடுவதிலிருந்து பெட்டி மூடுவதுவரை எல்லாம் அவர் பொறுப்பு. வெற்றிலை, மூக்குப்பொடி, பவுடர், வாசனை சோப் எதுவும் அவருக்கு ஆகாது. அவர் வீட்டில் கருவாடு பொரிப்பதென்றால் அவர் வேலைக்குப் போன பிறகுதான். கைகாட்டிக் கூப்பிட்டால் குடையைச் சாய்த்துக்கொள்வார். துரைக்குக் கோள் சொல்லத்தான் உளவு பார்க்கிறார் என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தோம்.

நான் சொல்லப்போகும் ஆண்டில் சீசனின் கடைசி ஞாயிறு மாதிரி இன்னொன்று எனக்கு வாய்க்கவில்லை. மேற்கே கருமேகம் மலைமேல் உட்கார்ந்துவிட்டது. எடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை எந்த நேரமும் இறங்கும் என்று தெரிந்ததாலோ என்னவோ, மீன்கள் போட்டி போட்டுக்கொண்டு கடித்தன. ஃபிட்டரின் தூண்டிலில் மாட்டிய ஒரு கெண்டை படகையே இழுத்துக்கொண்டு பாதி ஏரி சுற்றியது. அவர் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படகின் அடியில் புரண்டார். நான் சிரித்துச் சிரித்துத் துடுப்பைத் தண்ணீரில் விட்டேன். அன்று தொழிலாளர் லயத்தில் பத்து வீட்டு அடுப்பில் எங்கள் மீன் கொதித்தது.

மறுநாள்தான் கவலை பிடித்தது. போன மழைக்காலம் படகைக் கரையிலேயே கீற்றுக் கொட்டகையில் விட்டோம். பலகையில் காளான் முளைத்தது. செப்பனிடவே இரண்டு மாதம் ஆயிற்று.

"இன்னொரு மழைய வெளிய நின்னு வாங்குச்சுன்னா, அடுத்த வருசம் வெந்நி போடத்தான் ஆகும் பாத்துக்கிடும்," என்றார் ஃபிட்டர்.

எஸ்டேட்டில் மழைக்காலத்திலும் காய்ந்து கிடக்கும் இடம் ஒன்றுதான்: ஃபாக்டரி மாடியில் காலிப் பெட்டிகளை அடுக்கும் மூலை. துரையிடம் போய்க் கேட்டோம். அவர் சுருட்டை வாயிலிருந்து எடுக்காமலே, டீ மேக்கர் சம்மதித்தால் சரி என்று சொல்லிவிட்டார். தேயிலை பக்கத்தில் எந்த வாசனை இருந்தாலும் இழுத்துக்கொள்ளும். அப்படியிருக்க, ஆறு மாதம் மீன் துள்ளிய படகை டீ ஃபாக்டரிக்குள் வைக்கக் கேட்டவர்கள் உலகத்திலேயே நாங்கள் இருவராகத்தான் இருப்போம்.

படகை வண்டியில் ஏற்றி ஃபாக்டரி முற்றத்துக்குக் கொண்டுவந்தோம். மணலும் சாம்பலும் புளியும் போட்டு இரண்டு சாயங்காலம் தேய்த்தோம். கை தோல் உரிந்தது. டீ மேக்கர் வந்தார். பத்தடி தள்ளியே நின்றார்.

"மீனு," என்றார். போய்விட்டார்.

அப்போதுதான் எனக்கு அந்த அபார யோசனை தோன்றியது. மறையூர் பஸ்ஸில் சொல்லியனுப்பி இரண்டு பாட்டில் புல்தைலம் வரவழைத்தேன். ஒரு சொட்டு விட்டாலே வீடெல்லாம் மணக்கும் சரக்கு. இரண்டு பாட்டிலையும் படகுக்குள் பூசினோம். முற்றமே கமகமத்தது. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று மார்தட்டிக்கொண்டு நின்றேன்.

இந்தத் தடவை டீ மேக்கர் இருபதடி தள்ளி நின்றார்.

"இப்ப மீனு குளிச்சு, தைலம் தேச்சுக்கிட்டு வந்து நிக்கி. இத மாடியில ஏத்துனா இந்த மாசத்து டீத்தூள் பூராவும் தைலமாப் போகும். முந்தி இருந்ததே தேவல."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தலைக்கு மேலே மேகம் உறுமுகிறது. இந்த மனிதர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்.

"ஒரு மனுசனுக்கு மூக்குல இம்புட்டுத் திமிரா?" என்று கத்திவிட்டேன்.

அவர் பதிலுக்குக் கத்தவில்லை. "கோவிக்காதீங்க. எனக்குச் சோறு போடுறது இந்த மூக்கு ஒண்ணுதான்," என்று சொல்லிவிட்டு நடந்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து தொப்பென்று உட்கார்ந்தேன். விஷயத்தைக் கேட்டு என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு டீயை நீட்டியபடி சொன்னாள்:

"போன மாசம் டீத்தூள் டப்பாவ மூடாம கருவாட்டுப் பானை பக்கத்துல வச்சிட்டேன். டீயில கருவாடு மணக்குன்னு நீங்கதான ஆடுனீங்க? ஆனா, அதுக்கப்புறம் கருவாட்டுல வாடையே கொறஞ்சு போச்சு. டீத்தூளு அம்புட்டையும் உறிஞ்சிருச்சு. மேல பூசுறத விட்டுட்டு உறிஞ்சுறதுக்கு வழி பாருங்க."

நான் டீயைக்கூடக் குடிக்கவில்லை. நேரே டீ மேக்கரிடம் ஓடினேன். முதலில் வாய் விட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். பிறகு, விற்பனைக்கு ஆகாமல் குழியில் கொட்டும் டீக் கழிவைக் கேட்டேன். நான் அதுவரை பார்த்திராத ஒரு பிரகாசம் அவர் முகத்தில் வந்தது.

"எத்தனை சாக்கு வேணும்? படகு முட்ட நெறைங்க. தார்ப்பாய் போட்டு மூடுங்க. நாளுக்கு ஒருக்கா மாத்திப் போடுங்க, பழச ஃபாக்டரிக்குள்ள விடாதீங்க."

ஐந்து நாள் தினமும் பழைய கழிவை அள்ளிக் கொட்டிப் புதியதை நிரப்பினோம். முதல் நாள் அள்ளியதை முகர்ந்து பார்த்த ஃபிட்டருக்குக் குமட்டியே விட்டது. மூன்றாம் நாள் தைலம் மட்டும் லேசாக வந்தது. ஐந்தாம் நாள் மத்தியானம் முதல் தூறல் விழுந்தது. கழிவையெல்லாம் தள்ளித் துடைத்துவிட்டு டீ மேக்கருக்கு ஆள் அனுப்பினோம்.

இந்தத் தடவை அவர் தள்ளி நிற்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு படகுக்குள் தலையை விட்டார். முன்பலகை, நடுப்பலகை, தகரப் பட்டையின் இடுக்கு என்று ஒவ்வொன்றாக முகர்ந்தார். தூறல் வலுத்தது. அவர் முதுகு நனைந்தது.

தலையை எடுத்தார். "ஏத்துங்க."

ஃபிட்டர் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். கொழுந்து மூட்டை ஏற்றும் கப்பியில் படகைக் கட்டி, கிடைத்தவர்களையெல்லாம் கூப்பிட்டு இழுத்தோம். அது மாடி வாசலுக்குள் நுழையவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. வழக்கம்போலக் கவிழ்த்து வைக்கப் போனோம். டீ மேக்கர் தடுத்தார்.

"கவுக்க வேண்டாம். நிமித்தியே வைங்க. காத்து போகட்டும்."

சீசன் அத்துடன் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஒரு மாதம் கழித்து, காலிப் பெட்டிகளைப் பார்த்துவர மாடிக்குப் போனேன். வெளியே விடாத மழை. கீழே இலை உருட்டும் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த அதிர்வில் மாடிப் பலகை முழுக்க நடுங்கிக்கொண்டிருக்கும். படகுக்கு அருகில் ஒரு ஜோடி செருப்பு ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்தது. உள்ளே நடுப்பலகையில் டீ மேக்கர் உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு துடுப்பையும் மெதுவாக வலித்துக்கொண்டிருந்தார்.

நான் செருமினேன். அவர் பதறி எழப் பார்த்தார்.

"ஓட்டை கீட்டை இருக்கான்னு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். பிறகு தலையைக் குனிந்தபடி சொன்னார்: "ஞாயித்துக்கெழம தோறும் நீங்க போறதப் பாத்துக்கிட்டே இருப்பேன். ஏறணும்னு அவ்வளவு ஆச. ஏறுனா மீன் வாசம் கையில ஒட்டிக்கிடும். மறுநாள் டீய மோந்து பாக்க முடியாது. இப்பதான படகுல ஒண்ணும் இல்ல, அதான்."

அத்தனை ஞாயிறும் அந்தக் குடையைப் பார்த்து நாங்கள் பேசிய பேச்சு நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. ஆனால் சொல்லத்தான் வேண்டும், அதைவிட அதிகமாகச் சந்தோஷம் வந்தது. அடுத்த மார்கழியில் தூண்டிலை எடுக்கும் முன்பே, மீன் வாடை படாத படகில் இவரை ஏரி முழுக்கச் சுற்றிக் காட்டிவிட வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன். அதற்கு மார்கழிவரை ஏன் காத்திருக்க வேண்டும் என்றும் தோன்றியது.

செருப்பைக் கழற்றி அவர் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். ஏறி அவரோடு பலகையில் உட்கார்ந்து ஒரு துடுப்பை வாங்கிக்கொண்டேன். படகு லேசாக ஆடியது.

"எந்தப் பக்கம் போகணும் ஐயா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "மதகுப் பக்கம் வேண்டாம், ஆழம். அந்த மேட்டுப் பக்கம் விடுங்க. நான் உக்காருற எடத்த தண்ணியிலருந்து பாக்கணும்."

மத்தியானச் சங்கு ஊதும்வரை வலித்தோம்.