துபாயில் விற்க வந்த இத்தாலி வீடு

இரண்டாயிரங்களில் நான் ஷார்ஜாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் தச்சு வேலை பார்த்தேன். கண்காட்சிகளுக்கு ஸ்டால் போடுவது எங்கள் தொழில். மூன்று நாள் நிற்கிற அளவுக்கு ஒரு மாளிகையைச் செய்வோம். நான்காம் நாள் அதை உடைத்துக் குப்பை லாரியில் ஏற்றுவோம். அப்போது துபாயில் வீடு விற்கிற கண்காட்சிகள் நிறைய நடந்தன. இன்னும் கடலாகவே கிடந்த இடத்தில் வரப்போகிற ஃபிளாட்டுகளை ஜனங்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள்.

அப்படி ஒரு கண்காட்சிக்கு இத்தாலியிலிருந்து ஒரு அம்மா வந்தார். அறுபது தாண்டியிருக்கும். கிராப்பு வெட்டிய நரைத்த தலை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. மற்ற கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் வீடு விற்றுக்கொண்டிருந்தபோது அவரிடம் இருந்தது ஒரே ஒரு வீடு. மலைமேல் ஒரு பழைய கிராமத்தில் அவருடைய அப்பா விட்டுப்போன வீடு. கூடப் பிறந்தவர்கள் ஆளுக்கொரு தேசத்தில் இருந்துகொண்டு விற்றுவிடச் சொன்னார்களாம். “பணக்காரர்கள் எல்லோரும் துபாயில்தான் இருக்கிறார்கள் என்று என் தம்பி சொன்னான்” என்றார். பாதி இங்கிலீஷ், மீதி கை.

போட்டோக்களைக் காட்டினார். எல்லா அறைக்கும் மேற்கூரை கல்லாலான வளைவு. உத்திரம் இல்லை, கான்கிரீட் இல்லை. என்னோடு வேலை செய்த பெயிண்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன தம்பி இது, பாலத்துக்கு அடியில குடித்தனம் பண்ண மாதிரி இருக்கு” என்றார்.

அந்த அம்மாவுக்கு ஸ்டாலில் அதே கூரை வேண்டும். வீட்டைக் கொண்டுவர முடியாது, கூரையாவது வரட்டும் என்றார். பாகிஸ்தானி ஃபோர்மேன் “அச்சா, அச்சா” என்று தலையை ஆட்டிவிட்டு வேலையை எங்கள் தலையில் கட்டினார்.

மரச்சட்டத்தில் வில்வில்லாகச் செய்து, மெல்லிய ப்ளைவுட்டை வளைத்து அடித்தேன். பெயிண்டர் பட்டி பார்த்துக் கல் மாதிரியே வரைந்தார். அந்த அம்மா வந்து அடியில் நின்று வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

“ரொம்பச் சுத்தமாக இருக்கிறது” என்றார்.

“சுத்தமா இருக்குன்னு குறை சொல்ற ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன்” என்று பெயிண்டர் என்னிடம் சொன்னார். பிறகு டீத்தூளை வேகவைத்த தண்ணீரை எடுத்துப் பூசினார். அடுப்புப் பக்கம் கறுத்திருக்க வேண்டும் என்றார் அம்மா. துணியைக் கொளுத்திப் புகை பிடித்தோம். ஃபோர்மேன் தீயணைக்கிற சிலிண்டரோடு ஓடிவந்தார். நடுவில் ஒரு கொக்கி கேட்டார் அம்மா. அப்பா அதில் பன்றித்தொடையைத் தொங்கவிடுவாராம். எதற்குக் கொக்கி என்று ஃபோர்மேன் கேட்டார். விளக்குக்கு என்றேன்.

கண்காட்சி நாட்களில் எனக்கு அங்கேயே டூட்டி. எதிர் ஸ்டாலில் விளக்கு எரியும் கோபுர பொம்மைகள். கூட்டம் அங்கே மொய்த்தது. எங்கள் கூரைக்கு அடியில் நாற்காலி இருந்ததால் கால் வலித்தவர்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

“எத்தனை கார் நிறுத்தலாம்?” என்று ஒருவர் கேட்டார்.

“ஊருக்குள்ளேயே கார் வராது.”

“கடல் தெரியுமா?”

“மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.”

“எப்போது கட்டி முடிப்பீர்கள்?”

“முடித்து நானூறு வருஷம் ஆகிறது” என்றார் அம்மா. கேட்டவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்து போனார்.

வருகிறவர்கள் எல்லோரிடமும், மழை பெய்தால் மேற்குப் பக்க அறை ஒழுகும் என்பதையும் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. “மேடம், அத மட்டும் சொல்லாம விட்டா என்ன?” என்றேன். “உனக்கு மழையைப் பற்றித் தெரியாது, இங்கே பெய்வதே இல்லை” என்றார். நான் ஐப்பசியில் முழங்கால் தண்ணீரில் பள்ளிக்கூடம் போனவன்.

கடைசி நாள் சாயங்காலம் ஒரு லெபனான்காரர் வந்தார். சுவரைத் தட்டினார், இரண்டு சுற்றுச் சுற்றினார், அண்ணாந்து பார்த்து விலை கேட்டார். அம்மா அவசரமாகத் தலையைக் கோதிக்கொண்டு எழுந்து விலையைச் சொன்னார்.

“வீடு வேண்டாம்” என்றார் அவர். “இந்தக் கூரை வேண்டும். ஷார்ஜாவில் காபிக் கடை வைத்திருக்கிறேன்.”

அம்மா உட்கார்ந்துவிட்டார். கொஞ்சம் கழித்து என்னைப் பார்த்து, “இதை என்ன செய்வீர்கள்?” என்றார். நாளைக்கு உடைத்துவிடுவோம் என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, சொல்லியிருக்க வேண்டாமோ என்று இருந்தது. காசு வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள் என்று லெபனான்காரரிடம் சொன்னார்.

மறுநாள் காலை நானும் பெயிண்டரும் அதை நான்கு துண்டாக அறுத்துப் பிக்கப்பில் ஏற்றினோம். அம்மாவும் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். கடையின் உள்கூரை தாழ்வு. கூரையின் கால்களை அறுத்தால்தான் உள்ளே போகும். சண்டை வரும் என்று நினைத்தேன். அம்மா டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, “அறு” என்றார்.

வேலை முடிந்து அதன் அடியில் காபி குடித்தோம். அம்மா தம்பிக்குப் போன் போட்டார். கடை முழுக்கக் கேட்கிற மாதிரி இத்தாலிய மொழியில் கத்திவிட்டு வைத்தார்.

“என்ன மேடம்?”

“யாரும் வாங்கவில்லை என்றேன். அடுத்து ரஷ்யாவில் போய் விற்கச் சொல்கிறான்.”

“போவீங்களா?”

“இல்லை. நானே அந்த வீட்டில் போய் இருக்கப் போகிறேன். அவனிடம் இன்னும் சொல்லவில்லை.”

நான் தமிழில் சொன்னதும், “அப்பாடா! கலாஸ், முடிஞ்சுது” என்றார் பெயிண்டர். அம்மாவுக்கு அது புரிந்துவிட்டது, சிரித்தார்.

அந்த வாரம் அடுத்த ஸ்டாலை உடைக்கும்போது சுத்தியலை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றேன். அதற்கடுத்த வாரம் பழையபடி நானே உடைத்தேன்.

லெபனான்காரரோடு அந்த அம்மா எப்போதாவது போனில் பேசுவதுண்டு. ஒருமுறை கடைக்குப் போனபோது அவர் சொன்னார்: வீட்டை விற்றே ஆகவேண்டும் என்று தம்பி நேரிலேயே சண்டை போடப் போனாராம். ஒரு மாதம் தங்கி, நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினாராம்.