முப்பத்து மூன்று நாள் பாட்டு

திருப்புலிவனம் போகும் சாலையில் இருந்த அரிசி மில்லில், நெல் அவிக்கும் பாய்லரிலிருந்து நீராவி பீறிட்டு அப்பாவின் கைகளும் மார்பும் வெந்தன. வீட்டில் கஞ்சிப் பானை கவிழ்ந்து வெந்ததாக மில் பதிவேட்டில் எழுதிவிட்டார்கள். மில்லில் நடந்த விபத்து என்று எழுதித் தந்தால்தான் மில் செலவில் அவரை மேல் சிகிச்சைக்கு அனுப்ப வழி இருந்தது. வேலைநிறுத்தம் அதற்காகத்தான்.

காஞ்சிபுரத்திலிருந்து வந்த சங்கத்துக்காரர் அச்சடித்த பாட்டுகளைக் கொடுத்தார். முதல் பாட்டிலேயே ஏகாதிபத்தியம் மூன்று முறை வந்தது.

"இன்னா தோழரே, இத்த பாடனா இருக்கிற பல்லும் வுழுந்துடும்" என்றாள், மில் களத்தில் நெல் காயவைக்கும் முன்பல் இல்லாத பெண்.

அம்மாவும் அதே களத்தில்தான் வேலை செய்தாள். ஏற்றப்பாட்டு பாடலாம் என்றாள். ஏற்றம் இறைக்கும்போது ஒவ்வொரு சால் தண்ணீருக்கும் ஓர் எண்; எண்ணுக்கு ஒரு வரி. அம்மா சாலுக்குப் பதிலாக நாளை எண்ணினாள். தினமும் மில் வாசலில் ஒன்றிலிருந்து தொடங்கி, அன்றைய நாளுக்குப் புது வரி சேர்த்து முடிப்பார்கள்.

ஒண்ணா நாளாச்சி, ஆவியில வெந்தாரு.
ரெண்டா நாளாச்சி, பானன்னு சொன்னாங்க.

பாலிடெக்னிக் முடித்து வேலையில்லாமல் இருந்த நான் நோட்டில் கட்டம் போட்டு எழுதினேன்: எண், வரி, சொன்னவர்.

இரண்டு வாரத்தில் ஆட்கள் மில்லுக்கு உள்ளே வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். சங்கத்துக்காரர் வருவதும் குறைந்தது. இருபதாம் நாள் முன்பல் இல்லாத பெண்ணும் தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

"அவ சொன்ன ஏழாவது வரிய அடிச்சிடு" என்றார் மூட்டை தூக்குகிற ஒருவர்.

"ஏழ அடிச்சிட்டா எட்டு எப்டிடா வரும்? அவ வவுறு உள்ள போயிருச்சி. வரி இங்கதான கீது" என்றாள் அம்மா.

முப்பத்து மூன்றாம் நாள் வாசலில் அம்மாவும் நானும்தான்.

"உங்க நைனாவுக்கு ஜொரம் எறங்கல. எனக்கு வரி வரல. நீ சொல்லு."

எனக்குப் பாட்டு வராது. பாய்லர் தெரியும். ஆவி மிஞ்சினால் திறந்து வெளியேற்ற வேண்டிய வால்வைக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள் என்று அப்பா என்னிடம் சொல்லியிருந்தார். மேஸ்திரி சொல்லி, கட்டியது அவரேதான் என்றும் சொல்லியிருந்தார். முதல் பாதியை மட்டும் அம்மாவிடம் சொன்னேன்.

முப்பத்து மூணா நாளாச்சி, வால்வ கட்டி வெச்சாங்க.

அவள் இரண்டு முறை பாடினாள். மேனேஜர் வெளியே வந்தார்.

"இன்னாம்மா, கட்னது யாரு கை? நீ கேக்கற மாரியே எழுதித் தர்றேன். அந்தப் பேரயும் சேத்து எழுதட்டா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை அவள் களத்தில் இறங்கி, முன்பல் இல்லாத பெண்ணுக்குப் பின்னால் நடந்து, நெல்லைக் காலால் துழாவினாள். நான் வாசலில் நின்றபடி, முப்பத்து மூன்றுக்கு எதிரே, சொன்னவர் கட்டத்தில் என் பெயரை எழுதினேன்.